மதில் இல்லாத வளாகமும் எங்கள் ஒற்றையடிப் பாதையும்

பேராதனை வழியாகக் கண்டிக்குப் போகும் கலஹா பஸ்ஸில் ஏறிய எவரும் கம்பஸுக்குள்ளால் போய்த்தான் ஆக வேண்டும். மஹகந்த, ஹிந்தகல எல்லாம் கழிந்து ஓரிடத்தில் கடைகளும் வீடுகளும் சட்டென்று நின்றுவிடும். இரண்டு பக்கமும் புல்தரை, பெரிய மரங்கள். ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை மலை. சின்ன வயதில் பஸ்ஸில் யன்னல் பக்கத்துக்கு நாங்கள் சண்டை பிடித்தது அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான். அது ஒரு பல்கலைக்கழகம் என்று தெரிவதற்கு முன்னமே அந்தப் புல்தரை எங்களுக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

இரண்டு கிழமைக்கு முன் எங்கள் பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டம் நடந்தது. பிரதான கட்டடத்துக்கு முன்னால் உள்ள வெளியைத் திருத்தி அமைக்கப் பழைய மாணவர்கள் சிலர் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். நல்ல மனது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வரைபடத்தையும் கொண்டு வந்திருந்தார்கள். மாரா மரத்தடி முழுவதும் இன்டர்லொக் கல். நடுவில் ஒரு நீரூற்று. சுற்றிவர ஆறடி மதில், முன்னால் இரும்புக் கேட். மைதானத்தின் மூலையால் தோட்டத்து லயங்களில் இருந்து டவுனுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை.

கை உயர்த்தச் சொன்னபோது நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் உயர்த்தவில்லை. "ஏன் சேர், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்று ஒரு பெற்றார் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் எங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று வாயால் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலத்தின் கதை.

1824 இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பி நட்டார். அடுத்த வருடம் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனையில் ஆற்றுக்கு அக்கரையில், கன்னொறுவையில் ஒரு கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநரே தோட்டக்காரன் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் வேறு யாருடையது என்று நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதே என்று கொள்ளப்படும் என்றது அந்தச் சட்டம். கிராமத்தான் மாடு மேய்த்த இடத்துக்கும் விறகு பொறுக்கிய இடத்துக்கும் உறுதி எங்கே இருக்கப் போகிறது? கோப்பிக்காரர்களுக்கு மலை திறந்துவிடப்பட்டது. அந்தக் கோப்பிக்காகத் தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியால் நடந்து வந்தார்கள். 1867 இல் எங்கள் பக்கத்து மலையில், லூல்கந்துரவில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டது. மிச்சக் கதை எல்லோருக்கும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1840 தொடங்கி நூறு வருடமாக மலைநாட்டில் காணி ஒரே திசையில்தான் போனது. பொதுவாய்ப் புழங்கியது ஒருவரின் தோட்டமாகும், பிறகு கம்பனியின் தோட்டமாகும். மறுபக்கம் திரும்பி வந்தது அபூர்வம். அப்படித் திரும்பி வந்த பெரிய துண்டு ஒன்று உண்டென்றால் அது பேராதனைதான். நியூ பேராதனைத் தோட்டம் என்ற பெயரில் இருந்த காணியிலேதான் பல்கலைக்கழகம் எழுந்தது.

அது அங்கே எழுந்ததும் சும்மா நடந்ததல்ல. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் 1906 இல் சங்கம் அமைத்துக் கேட்டார்கள். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று கிடைத்தது, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. எங்கே கட்டுவது என்று வருடக்கணக்காக இழுபறி. கொழும்பு என்றார்கள் சிலர், கண்டி என்றார்கள் சிலர். 'இடங்களின் சண்டை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. லேக் ஹவுஸ் டி.ஆர். விஜேவர்தன கண்டிப் பக்கம் நின்று தன் பத்திரிகைகளில் எழுதுவித்தார். தும்பறைப் பள்ளத்தாக்குப் பற்றிப் பேசி, கடைசியில் 1938 இல் பேராதனை என்று முடிவானது.

மலைநாட்டுக்காக வாதாடியவர்களில் நீதியரசர் அக்பர் முக்கியமானவர். மாஸ் தாஜூன் அக்பர், மலாய் இனத்தவர், உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர், 1944 இல் காலமானார். ஆற்றங்கரையில் உள்ள அக்பர் விடுதி அவர் பெயரால்தான் வழங்குகிறது. எங்கள் 10 ஆம் வகுப்பில் கேட்டபோது பாதிப் பேர் அது மொகலாய அக்பர் என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் "அக்பர் பாலம் கட்டினவர், சேர்" என்றாள். அவளுடைய நானா பொறியியற் பீடத்தில் படிக்கிறார். விடுதியில் இருந்து மகாவலியைக் கடந்து பீடத்துக்குப் போகும் நடைபாலம்தான் அவளுக்கு அக்பர்.

1942 ஜூலை 1 ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் பிறந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் சட்டம் படிப்பித்தவர். பேராதனைக்கு வரைபடம் போட்டவர்கள் பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும். ஹொலிடே 1920களில் ஜெரூசலத்தின் நகர ஆலோசகராக இருந்தவர். அந்தப் புனித நகரின் பழைய மதில்களோடு வேலை செய்த ஒருவர் இங்கே வந்து மதிலே இல்லாத ஒன்றை வரைந்தார் என்பதை நினைக்கும்போது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

அபர்குரொம்பி யார் என்றும் சொல்ல வேண்டும். குண்டு விழுந்து சிதைந்த லண்டனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று 1943 இலும் 1944 இலும் வெளிவந்த இரண்டு பெரிய திட்டங்களில் அவருடைய கை இருந்தது. 1943 திட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பேருக்கு 4 ஏக்கர் திறந்தவெளி வேண்டும் என்பது. பணக்காரப் பகுதியில் பூங்கா நிறைய, தொழிலாளர் வாழும் கிழக்கு லண்டனில் கால் வைக்க இடம் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் அந்தக் கணக்கு. எங்கள் பாடசாலையில் ஏறக்குறைய 500 பிள்ளைகள். அவருடைய கணக்குப்படி 2 ஏக்கர், அதாவது 320 பேர்ச் வேண்டும். எங்கள் முன்வெளி 60 பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. அதிலேதான் நீரூற்று வரப் போகிறது.

சரி, பேராதனையில் அவர்கள் என்ன செய்தார்கள்? ஜெனிங்ஸ் படித்த கேம்பிரிட்ஜில் ஒவ்வொரு கல்லூரியும் உள்முற்றம் வைத்தது. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் புல், வாசலில் ஒரு காவல்காரன். அந்தப் புல்லில் கால் வைக்கக்கூட எல்லோருக்கும் உரிமை இல்லை. பேராதனையிலும் முற்றங்கள் உண்டு, கலைப்பீடத்துக்குள் போனால் காணலாம். ஆனால் வளாகத்தை ஒன்றாகச் சேர்ப்பது முற்றம் அல்ல. மலைச்சரிவில் படிப்படியாய் விடுதிகளும் பீடங்களும் தள்ளித் தள்ளி நிற்க, அவற்றுக்கிடையே விட்டுவைத்த வெளியே அவற்றைச் சேர்க்கிறது. அந்த வெளியின் ஊடாக ஒரு பொது வீதி ஓடுகிறது. அது எங்கள் கலஹா வீதி.

அந்த வீதியை மூடிவிட்டு ஊர் ஆட்களைச் சுற்றிப் போகச் சொல்லியிருக்கலாம். அரசாங்கத்தின் காணி, யார் கேட்கப் போகிறார்கள்? வீதியில் கை வைக்காமலும் இல்லை. பட்டப்பின் விவசாய நிறுவனத்தின் முகவரியைப் பாருங்கள், 'பழைய கலஹா வீதி' என்று இருக்கும். பழையது என்று ஒன்று இருந்தால் புதியது ஒன்று போடப்பட்டது என்றுதானே அர்த்தம். எப்படியானாலும் வீதி வெளியே தள்ளப்படவில்லை. இன்றைக்கும் மரக்கறி லொறி, கொழுந்து லொறி, பாடசாலை வேன், எங்கள் பஸ் எல்லாம் செனற் கட்டடத்தையும் பீடங்களையும் கடந்துதான் போகின்றன. விரிவுரைக்குப் போகும் பிள்ளை எங்கள் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாய் நிற்கிறது. வீதி முடிந்து கொழும்பு வீதியில் ஏறும் இடத்துக்குக் கலஹா சந்தி என்று பெயர். கலஹாவைக் கண்ணால் காணாத ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி பஸ் ஏறுகிறார்கள். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு, மறைக்கவில்லை.

கட்டடங்களை வடிவமைத்தவர் ஷெர்லி டி அல்விஸ். கண்டி அரச மண்டபத்து மரத்தூண்களையும் கூரையையும் பார்த்துக் கொங்கிரீட்டிலும் கல்லிலும் புது உருவம் கொடுத்தவர். வளாகத்தில் உள்ள அல்விஸ் பொக்குண, அதாவது அல்விஸ் குளம், அவர் பெயரால் வழங்குவது. அந்தக் குளத்துக்குப் பிறகு வருவோம்.

1952 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து மாணவர்கள் பெருந்தொகையாக இங்கே வந்து சேர்ந்தார்கள். 1954 ஏப்ரல் 20 ஆம் திகதி எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோக் கோமகன் திறந்து வைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஒன்றை என்ன திறப்பது? அதனால் வழமையைவிட இன்னும் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று அவர் பகிடியாகச் சொன்னாராம். பல்கலைக்கழகம் அந்தப் பகிடியைத் தன் பெருமைகளில் ஒன்றாகவே இன்னும் சொல்லிக்கொள்கிறது.

யாருக்குத் திறந்தது என்று கேட்டால்தான் கதை கசக்கத் தொடங்கும்.

இந்தக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. தோட்டமாக இருந்த ஒரு காணி நாட்டு மக்களின் பொதுச் சொத்தாக மாறிய அதே நாட்களில், அப்படிப்பட்ட தோட்டங்களில் வேலை செய்தவர்கள் 'நாட்டு மக்கள்' என்ற சொல்லுக்குள் இருந்து வெளியே எடுக்கப்பட்டார்கள். இரண்டும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன, வகுப்பில் ஒன்றைப் படிப்பிக்கும்போது மற்றதை விட்டுவிட முடியாது என்றுதான் சொல்கிறோம். 1945 முதல் இலவசக் கல்வி என்று புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1970களில்தான்.

1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் குடும்பங்கள் போயின. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குப் பாஸ்போட் அலுவலாகப் போனவர்கள் இந்த வீதியால்தான் போயிருப்பார்கள்.

எங்கள் பாடசாலையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்கா குடும்பம் அப்படிப் போனது. பாஸ்போட் அலுவலாக அக்காவோடு பஸ்ஸில் போனபோது அவர் சின்னப் பையன். வளாகத்துக்குள் பஸ் வந்ததும் அக்கா எட்டிப் பார்த்து, "இது எந்தத் தொரையோட தோட்டம்டா, இம்புட்டுப் புல்ல சும்மா விட்டு வச்சிருக்கான்?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது ஐயா சிரிப்பார். நாங்களும் முதலில் சிரித்தோம். அந்த அம்மாவுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு ஏக்கர் என்றால் அதற்கு ஒரு துரை இருக்க வேண்டும், அதிலிருந்து இத்தனை கிலோ கொழுந்து வர வேண்டும். ஒன்றுக்கும் இல்லாமல், யாருடையதும் இல்லாமல் ஒரு வெளி இருக்கலாம் என்பதை அவர் முதலும் கடைசியுமாகக் கண்டது பஸ் யன்னலால்தான்.

வெளி இருந்தால் அதில் என்ன நடக்கும் என்று திட்டம் போட்டவருக்கும் தெரியாது. 1961 இல் சரச்சந்திரவின் 'சிங்கபாகு' நாடகம் வளாகத்துத் திறந்தவெளி அரங்கில் முதன்முதல் ஏறியது. மலைச்சரிவின் பள்ளத்தில் அமைந்த அரங்கு. மாணவர்கள் அதை 'வள' என்பார்கள், சிங்களத்தில் குழி என்று பொருள். சரச்சந்திர எடுத்தாண்ட நாடகம என்ற வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுள்ளது. அவர் தந்த உந்துதலில் தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வளாகத்துக்குக் கொண்டு வந்தார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', 'வாலிவதை'. இராவணேசனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். ஊரில் விடியவிடிய வட்டக்களரியில், நாலு புறமும் சனம் சூழ்ந்திருக்க ஆடிய கூத்து இங்கே ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்குச் சுருங்கியது என்று குறை சொல்வோரும் உண்டு. அது உண்மைதான். ஆயினும் ஊர்க் களரியில் ஆடியதைப் படித்தவர்கள் மதித்துப் பார்க்கத் தொடங்கியது அந்த மேடையால்தான். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒருவர் கலையை ஒருவர் பணம் கொடுக்காமல் பார்க்கக்கூடிய இடம் இந்நாட்டில் வேறு எத்தனை இருந்தது?

வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, விகாரை உண்டு, தேவாலயம் உண்டு. வீதிகளுக்கு மாணவர்கள் வைத்த பெயர்களும் உண்டு. ஆற்றோரப் பாதைக்கு 'லவர்ஸ் லேன்'. கலஹா வீதியில் ஒரு வளைவுக்கு இன்னொரு பெயர் உண்டு, ஆசிரியர்கள் என்றபடியால் அதை இங்கே எழுத மாட்டோம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரொபரோசியா பூத்து வீதியெல்லாம் இளஞ்சிவப்பாய் விழுந்து கிடக்கும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிற கொழுந்துக்காரியும் ஒருமுறை கண் விழித்துப் பார்ப்பாள்.

இனிப் பாதுகாப்புக் கேள்விக்கு வருவோம். அந்தப் பெற்றாருக்கு நாங்கள் சொல்ல நினைத்தது இதுதான். பேராதனையின் திறந்தவெளியில் இரத்தமும் விழுந்திருக்கிறது. 1976 நவம்பர் 12 ஆம் திகதி பொலிஸார் சுட்டு வீரசூரிய என்ற மாணவர் வளாகத்துக்குள் செத்தார். 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே, தமிழ் மாணவர்கள் விடுதிகளில் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு ஓடினார்கள். தாக்கியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர், கூடப் படித்தவர்கள். 1997 இல் பொறியியற் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அவரை வதைத்தவர்களும் மாணவர் அட்டை உள்ளவர்கள்தான். புதிதாக வரும் பிள்ளை இந்தப் பாதையால் நடக்கக் கூடாது, அந்தப் படியில் இருக்கக் கூடாது என்று மூத்த மாணவர் சட்டம் போடும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. மதில் இல்லாத இடத்தில் மதில் கட்டிக்கொள்ளப் பெடியன்களுக்குச் செங்கல் தேவைப்படவில்லை.

1989 ஐப் பற்றி எழுதுவதா விடுவதா என்று யோசித்தோம். அந்த வருடம் ஒக்டோபரில், பல்கலைக்கழக நிருவாகி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பின்னர், வெட்டப்பட்ட இளைஞர்களின் தலைகள் அல்விஸ் பொக்குணவைச் சுற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எவருடைய பிள்ளைகள் என்று தேடக்கூடப் பயந்த காலம். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதும், நாங்கள் வந்ததும் பேச்சை மாற்றியதும் ஞாபகம் இருக்கிறது. அழகுக்காக வெட்டிய குளம். எல்லோரும் காணும் இடம் என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பொதுவெளி என்பது அப்படியும் பயன்படும். அதைச் செய்தவர்களுக்கு ஆறடி மதில் ஒரு தடையே அல்ல. பிறகு அந்தக் குளத்தடியில் மாணவர்கள் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். அது மறதியா துணிவா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் நினைவிருக்கும். 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. இடிக்கும்போது கேட் பூட்டித்தான் இருந்தது, மாணவர்கள் வெளியே நின்றார்கள். உண்ணாவிரதம் இருந்து போராடினார்கள், சில மாதங்களில் தூபி மறுபடியும் எழுந்தது. ஒரு வளாகத்தின் வெளியில் எது நிற்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று யார் முடிவெடுப்பது என்பதே அங்கும் கேள்வி.

நீரூற்றுக்கும் கல்லுக்கும் நாங்கள் எதிரி இல்லை. மழைக்காலத்தில் அந்த வெளி சேறு, பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தோடு படும் பாடு எங்களுக்குத் தெரியும். இன்டர்லொக் போடுவதானால் மாராவின் வேர் சுவாசிக்க இடம் விட்டுப் போடலாம். மதிலும் வீதிப் பக்கம் அவசியம்தான், அங்கே லொறி ஓடுகிறது. எங்கள் சண்டை அந்த மூலைக்கு மட்டும்.

போன சனிக்கிழமை சித்திரப் பாட ஆசிரியையும் நாங்களும் டேப் எடுத்துப் போய் அளந்தோம். பாதை மைதானத்துக்குள் வருவது 58 அடி நீளம், அகலம் மூன்றடி. அதை மூடினால் மேல் பிரிவு லயத்தில் இருந்து வருபவர்கள் பெரிய வீதியால் சுற்றி வர வேண்டும். மெதுவாக நடந்து பார்த்தோம், இருபத்திரண்டு நிமிடம் கூட எடுக்கிறது. எங்கள் 6 ஆம் வகுப்பில் மட்டும் பதினொரு பிள்ளைகள் அந்தப் பாதையால் வருகிறார்கள். நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த ஒரு அம்மா நின்று, "பாதைய மூடவா சேர் அளக்குறீங்க?" என்று கேட்டார். செய்தி லயத்துக்குப் போய்விட்டது. ஆனால் கூட்டத்தில் அவர்களில் ஒருவரையும் நாங்கள் காணவில்லை.

சித்திர ஆசிரியை வேறொரு வரைபடம் போட்டிருக்கிறார். பாதை அப்படியே இருக்கிறது. அதன் ஓரமாய் ஒரு நீளக் கல் வாங்கு, மதில் அந்த இடத்தில் முழங்கால் அளவுக்குத் தாழ்கிறது, நீரூற்று மாராவில் இருந்து தள்ளிப் போகிறது. செலவு கூடவில்லை, கொஞ்சம் குறைகிறது. பணம் தரும் பழைய மாணவர்களில் இருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஒருவர் பேராதனையில் படித்தவர், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர் போன் எடுத்து, வாங்கில் தன் வாப்பாவின் பெயர் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றோம்.

அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, 2.30க்கு. அது தோட்டத்தில் ஆட்கள் மலையில் நிற்கும் நேரம். கொழுந்து நிறுத்து முடிய நாலு மணிக்கு மேலாகும். நேரத்தை 5 மணிக்கு மாற்றித் தரும்படி அதிபருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.